வெயில் கால டேபிளுக்கு செயற்கைப் பூ, பழ அலங்காரம்: எப்படி செய்யறது?

கேள்வி, மார்ச் 23, 2025

கோடை வந்தாச்சு, வாங்குற பூ எல்லாம் மதியத்துக்குள்ள தலை தொங்கிடுது. நாலு பேர் உட்கார்ற டைனிங் டேபிளுக்கு நடுவுல வைக்க செயற்கைப் பூவும் பழமும் கலந்து ஒரு அலங்காரம் செய்யணும்னு ஆசை. என்ன வாங்கறது, எந்த அளவுல செய்யறது, எதை வச்சு ஒட்டறது? எங்க அத்தை வேற போலிப் பழத்தை வீட்ல வச்சா ஆகாதுன்னு சொல்றாங்க. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

மார்ச் 23, ராத்திரி

நான் செஞ்சிருக்கேன், ரெண்டு கோடையா எங்க வீட்ல (கோயம்புத்தூர்) இருக்கு. பூ வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி, உங்க வீட்ல குழம்புப் பாத்திரம் எங்க வைப்பீங்க? வீடியோ எல்லாத்துலயும் டேபிள் நடுவுல பெருசா ஒண்ணு வச்சு ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி வச்சு காட்டுவாங்க, அங்க தட்டுல போட்டே கொண்டு வந்து வச்சுடுவாங்க. நம்ம வீட்ல சாதம், குழம்பு, ரசம், பொரியல், தயிர், ஊறுகா, தண்ணி ஜக்கு எல்லாமே நடுவுலதான் வந்து உட்காரும். அதனால தூக்கி நகர்த்த முடியாத எதையும் செய்யாதீங்க. ஒரு தாம்பாளமோ மூங்கில் தட்டோ எடுத்து அது மேலயே எல்லாத்தையும் கட்டுங்க. ஒரு கையால தூக்கி சைடு மேஜைல வைக்கற மாதிரி இருந்தா மட்டும்தான் அது ஒரு வாரத்துக்கு மேல டேபிள்ல தங்கும்.

மார்ச் 24

சாமான் பத்தி. நேத்து எழுதறப்போ அவசரம்.

பூக்கடையில "சில்க் பூ"ன்னு குடுக்கறது பாலியஸ்டர் துணி, பட்டு கிடையாது. இதழ் ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கான்னு பாருங்க. ரப்பர் மாதிரி தொட்டா குளுகுளுன்னு இருக்கறது இன்னொரு வகை, விலை கூட, ஆனா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடற இடத்துக்கு அதுதான் நல்லாருக்கும், ஏன்னா டேபிள்ல இருக்கற பூவை ஒரு அடி தூரத்துல இருந்து பார்க்கறோம். கல்யாண மேடைப் பூ பத்தடி தூரத்துக்கு செஞ்சது. அதைக் கொத்தா வாங்கிட்டு வந்து டேபிள்ல வச்சீங்கன்னா அந்த கண்ணைப் பறிக்கற பச்சை இலையே காட்டிக் குடுத்துடும். நான் கொத்துல இருந்து இலையை எல்லாம் பிடுங்கிடுவேன். இலை மட்டும் தனியா நல்லதா, மங்கின பச்சைல, ரெண்டு மூணு சாயல் கலந்து வாங்கிப்பேன். காசு செலவழிக்கறதா இருந்தா இலைக்கு செலவழிங்க, பூவுக்கு கம்மி பண்ணிக்கலாம்.

பழம் ரெண்டு தினுசு. உள்ள நுரை வச்சது ஒண்ணு, உள்ள காலியா வெறும் பிளாஸ்டிக் கூடு மாதிரி ஒண்ணு. ரெண்டுமே எடையே இல்லாம இருக்கும், ஃபேன் காத்துக்கே உருளும். கூடு மாதிரி இருக்கறதுல காம்புக்குக் கீழ சின்ன ஓட்டை போட்டு ஆத்து மணல் நிரப்பி ஓட்டையை அடைச்சுடுங்க. கையில எடுத்தா நிஜப் பழம் கனம் இருக்கும், வச்ச இடத்துல நிக்கும்.

மார்ச் 24, மறுபடி

என்ன பூ, என்ன பழம்னு சொல்லவே இல்லையே. இதுதான் எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கற விஷயம். "கோடை அலங்காரம்"னு தேடுனா சூரியகாந்தி, எலுமிச்சை, லாவண்டர், ஸ்ட்ராபெரி. அது வேற ஊரு வெயில். நம்ம வெயிலுக்கு நம்ம மரம் இருக்கு. சித்திரை வந்தா கொன்றை மஞ்சளா தொங்கும், மே மாசம் குல்மோஹர் ரோடு பூரா செவப்பா கொட்டும், காம்பவுண்ட் சுவர் மேல காகிதப்பூ ஏறி நிக்கும், வண்டியில மாம்பழம், நுங்கு. டேபிளைப் பார்த்ததும் "ஆ, லீவு விட்டாச்சு"ன்னு தோணணும். அந்த உணர்வு லாவண்டர்ல எனக்கு வராது, லாவண்டரை நான் நேர்ல பார்த்தது கூட இல்ல.

மார்ச் 26

பசை. இதுல நான் பட்டதை நீங்க படாதீங்க. முதல் தடவை அடிப்பாகத்துக்கு தெர்மாகோல் உருண்டையைப் பாதியா வெட்டி வச்சு க்ளூ கன்னால ஒட்டினேன், பசை பட்ட இடமெல்லாம் குழி விழுந்து பூ உள்ள இறங்கிடுச்சு. தெர்மாகோல் 100 டிகிரி பக்கம் போனாலே இளகிடும், கன்ல இருந்து வர்ற பசை அதை விட ரொம்ப சூடு. சரின்னு செருப்பு தைக்கறவங்க, மர வேலைக்காரங்க வச்சிருக்கற மஞ்சள் ரப்பர் பசையைப் போட்டேன், அது இன்னும் மோசம், அதுல இருக்கற கரைப்பான் தெர்மாகோலைச் சாப்பிட்டே போச்சு. ஸ்ப்ரே பெயிண்டும் அப்படித்தான். தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும், ராத்திரி பூரா காய விடணும்.

இப்ப நான் தெர்மாகோலையே விட்டுட்டேன். உலர் பூவுக்குன்னு சாம்பல் நிறத்துல கெட்டி நுரை செங்கல் கிடைக்குது, அதை வாங்குங்க. பச்சை செங்கல் வாங்கிடாதீங்க, அது தண்ணி ஊறவச்சு நிஜப் பூ குத்தறதுக்கு, காய்ஞ்சு இருந்தா உதிர்ந்து மாவாகும், செயற்கைப் பூவோட தண்டுக் கம்பி அதுல நிக்காது.

மார்ச் 29

ஒருத்தங்க உயரம் கேட்டிருந்தாங்க. "பாத்திரத்தோட உயரத்துல ஒன்றரை மடங்கு"ன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, நானும் அதையே நம்பி பித்தளைச் செம்புல வச்சு ஒண்ணு செஞ்சேன், எங்க வீட்டுக்காரர் சாம்பார் கேட்டா முகம் தெரியல, பூவுக்குப் பின்னால இருந்து குரல் மட்டும் வந்துது. அந்தக் கணக்கு ஹால்ல மூலையில வைக்கற ஜாடிக்கு சரி. சாப்பாட்டு டேபிளுக்கு எளிசா ஒரு அளவு, முழங்கையை டேபிள்ல ஊனி கையை நேரா நிமித்துங்க, மணிக்கட்டைத் தாண்டக்கூடாது. என் கைக்கு பத்து அங்குலம் வருது. அகலம் டேபிள் நீளத்துல மூணுல ஒரு பங்கு போதும். நாலடி டேபிள்னா பதினாறு அங்குலம், நீளவாக்குல.

அப்புறம், நான் மேல தாம்பாளம்னு சொன்னேன்ல, எவர்சில்வர் தாம்பாளம் வேண்டாம். ட்யூப்லைட் அதுல அடிச்சு பூவை விட தட்டுதான் தெரியுது. மூங்கில் தட்டு, இல்ல பழைய முறம் இருந்தா இன்னும் அழகு. நான் சின்ன முறம்தான் வச்சிருக்கேன். அதோட வாய்ப்பக்கம் சுவரில்லாம சரிவா இருக்கும், அந்தப் பக்கமா கொன்றைச் சரத்தை வழிய விடலாம். கொன்றை தொங்கற பூ. நிமிர்த்தி குத்தினா கொன்றை மாதிரியே இருக்காது. விஷு சமயத்துல பாலக்காட்டுப் பக்கமும் இங்கயும் பிளாஸ்டிக் கொன்றைச் சரம் கடையில தொங்கும், அதுல ரெண்டு போதும்.

ஏப்ரல் 2

காகிதப்பூ. இதை விரிவா எழுதறேன், எனக்குப் பிடிச்ச பகுதி.

கடையில வாங்கின எந்தப் பூவும் கிட்டக்க பார்த்தா செயற்கைன்னு தெரிஞ்சிடும். ஆனா போகன்வில்லாவுக்கு நம்ம ஆளுங்க காகிதப்பூன்னே பேர் வச்சிருக்காங்க. நிஜப் பூவே காகிதம் மாதிரி இருக்கறப்போ காகிதத்துல செஞ்சா என்ன வித்தியாசம்? போன வருஷம் எதிர் வீட்டு சுவர்ல இருந்து ஒரு கிளையை ஒடிச்சு வந்து பிரிச்சுப் பார்த்தேன். நாம பூன்னு நினைக்கற அந்த ரோஸ் கலர் மூணும் இதழே இல்ல, நிறம் மாறின இலை. நிஜப் பூ நடுவுல குச்சி மாதிரி, நுனி வெள்ளையா, மூணு இலைக்கும் ஒண்ணொண்ணுன்னு ஒட்டிட்டு நிக்கும். இந்தக் குச்சி வைக்காம விட்டதாலதான் முதல்ல நான் செஞ்சது எதுவும் காகிதப்பூவா தெரியல.

கிரேப் பேப்பர் வேண்டாம், அதோட சுருக்கம் பெருசு. பரிசு சுத்தற மெல்லிசு டிஷ்யூ தாள், அடர் ரோஸ் ஒண்ணு, வெளிர் ரோஸ் ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அரச இலை மாதிரி ஒண்ணரை அங்குலத்துக்கு வெட்டுங்க, நுனி நீட்டமா வேண்டாம். நடுவுல மடிச்சு நகத்தால ஒரு தடவு தடவுனா நரம்பு விழும். அப்புறம் பக்கவாட்டு நரம்புக்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. கீழ ஒரு மடிச்ச துணி வச்சுக்கிட்டு கீறுங்க. ஓரத்தை ரெண்டு விரலால லேசா கசக்கி விடுங்க. வெள்ளைத் தையல் நூலை மூணா முறுக்கி நுனியை ஃபெவிகால்ல தொட்டுக் காய வச்சா அதுதான் நடுக்குச்சி. மூணு இலை, மூணு குச்சி, ஒரு மெல்லிசு கம்பி, பூ வேலைக்குன்னு விக்கற பச்சை டேப் சுத்தல். பச்சை டேப் ஒட்டலைன்னு நிறைய பேர் தூக்கிப் போட்டுடுறாங்க, அதை இழுத்துச் சுத்துனாதான் ஒட்டும், இழுக்கறப்போதான் அதுல இருக்கற மெழுகு வெளிய வரும்.

ஒரு பூவுக்கு ஏழெட்டு நிமிஷம். நாப்பது பூ செஞ்சேன், ஒரு வாரம், சாயங்காலம் அம்மாவோட உட்கார்ந்து. அம்மாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, ஆனா நூல் முறுக்கறது விரலுக்கே தெரியுது, எல்லாக் குச்சியும் அவங்க செஞ்சது.

ஏப்ரல் 3

நேத்து எழுதினதுல ஒரு எச்சரிக்கை விட்டுப் போச்சு. டிஷ்யூ தாள்ல சாயம் போகும். ஈரக் கையால தொட்டாலே விரல் ரோஸாகும். எங்க வீட்ல தண்ணிச் சொம்பு கவுந்து மர டேபிள்ல ஒரு ரோஸ் வட்டம் விழுந்துச்சு, இன்னும் இருக்கு. இப்ப முறத்துக்கு அடியில ஒரு கண்ணாடித் தாள் விரிச்சிருக்கேன்.

ஏப்ரல் 6

மாம்பழம். கடையில கிடைக்கற செயற்கை மாம்பழம் ஒரு பக்கம் செவப்பு ஒரு பக்கம் பச்சையா மழுமழுன்னு இருக்கும். அந்த மாதிரி மாம்பழத்தை நான் எந்த வண்டியிலயும் பார்த்ததில்ல. நம்ம கண்ணுக்கு மாம்பழம்னா பங்கனப்பள்ளியோட மஞ்சள், இல்ல செந்தூரத்தோட தோள்ல ஏறின செவப்பு. அதனால பெயிண்ட் பண்ணிடறேன்.

முதல்ல நைஸ் உப்புத்தாளால பளபளப்பைத் தேய்ச்சு எடுக்கணும், இல்லைன்னா அக்ரிலிக் பெயிண்ட் ரெண்டாம் நாள் தோலா உரியும். அப்புறம் மஞ்சள்ல துளி வெள்ளை, துளி பழுப்பு, அடியில லேசா பச்சை. பிரஷ் போடாதீங்க, கோடு தெரியும். பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சுல ஒரு துண்டை வெட்டி ஒத்தி ஒத்தி எடுங்க. காய்ஞ்ச பிறகு பல் குத்தற குச்சி நுனியால வெளிர் மஞ்சள்ல பொட்டுப் பொட்டா வைக்கணும், நிஜ மாம்பழத் தோல்ல அந்தப் புள்ளி உண்டு, காம்புப் பக்கம் பெருசா இருக்கும். கடைசியா காம்பைச் சுத்தி பால் வடிஞ்சு காய்ஞ்ச கருப்புத் தடம் ஒண்ணு. இந்தத் தடம்தான் எல்லாமே. இதை வச்சதும் எங்க அம்மா "எத்தனை ரூபா கிலோ"ன்னு கேட்டாங்க.

மூணு மாம்பழம் போதும். ஒண்ணை மட்டும் கிளிமூக்கு மாதிரி மூக்கு வச்சு களிமண் ஒட்டி மாத்துனேன், மூணும் ஒரே அச்சா இருந்தா கடைச் சரக்காத்தான் தெரியும்.

ஏப்ரல் 8

நுங்கு பத்தி யாரோ கேட்டாங்களே. இது தற்செயலா கண்டுபிடிச்சது. க்ளூ கன் சொட்டி தட்டுல காய்ஞ்ச பசை வெள்ளையா, பாதி ஊடுருவற மாதிரி இருந்துச்சு. பார்த்தா நுங்கு! சிலிக்கான் இட்லித் தட்டு சின்னது ஒண்ணுல பசையை ரொப்பி ஆற விட்டேன், எடுத்து மேல ஒரு பக்கம் லேசா பழுப்பு வாட்டர்கலர், அந்தத் தோல் ஒட்டிட்டு இருக்கற மாதிரி. ஒரு காய்க்கு மூணு கண்ணுங்கறதால மூணு செஞ்சேன். பசைக் குச்சி நிறைய ஆகுது, ஏழு குச்சி போச்சு. வெயில் நேரா படற இடத்துல வச்சா தொட்டா ஒட்டற மாதிரி பிசுபிசுக்கும், ஜன்னலோரம் வேண்டாம்.

ஏப்ரல் 11

அத்தை சொன்னதுக்கு வர்றேன். இதைத் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், ஏன்னா அவங்க சொல்றதுல பாதி எனக்கும் சரின்னு படுது.

போலிப் பழமே வீட்ல ஆகாதுன்னா நவராத்திரி கொலுவுல செட்டியார் கடையில மண் மாம்பழமும் மண் வாழைத்தாரும் வைக்கறோமே. பண்ருட்டிலயும் மதுரை பக்கம் விளாச்சேரிலயும் பரம்பரையா பொம்மை செய்யறாங்க, அதுல பழம் காய் செட்டும் வருது. அதை யாரும் ஆகாதுன்னு சொல்லல. அதனால பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா சாமிக்கு முன்னாடி போலிப் பழம் வைக்கறது வேற. படைக்கறதுன்னா திரும்ப எடுத்து சாப்பிடற பொருளா இருக்கணும். இந்த அலங்காரத்தைப் பூஜை அறைக்குக் கொண்டு போக மாட்டேன்னு அத்தைகிட்ட சொல்லிப் பாருங்க, அவங்க கவலை அதுவா கூட இருக்கலாம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். எங்க பக்கம் முந்தின ராத்திரியே கனி வச்சுடுவோம், தாம்பாளத்துல மா, பலா, வாழை, வெத்தலை பாக்கு, நகை, காசு, பூ, பின்னாடி கண்ணாடி. காலைல கண்ணை மூடிட்டே வந்து அதுல முழிக்கணும். நேத்து ராத்திரி ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு, நான் பெயிண்ட் பண்ண மாம்பழத்துல ஒண்ணை நடுவுல வைக்கலாமான்னு. அம்மா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க, "கனி மணக்கணும்." அவங்களுக்கு இப்ப கண்ணாடியில தெரியறதை விட மூக்குலதான் கனி. நிஜ செந்தூரம் ரெண்டும் பலாச்சுளை நாலும் வச்சோம். முறம் டேபிள்லயே இருந்துச்சு.

ஏப்ரல் 15

அம்மா சொன்னதையே யோசிச்சுட்டு இருந்தேன். அலங்காரத்துல குறையறது வாசனைதான். அதனால இன்னைக்கு முறத்துல செயற்கைப் பழங்களுக்கு நடுவுல ஒரு நிஜ மாம்பழம் சொருகி வச்சிருக்கேன். ஹால் பூரா மணக்குது. எல்லாரும் இப்படி செஞ்சு பாருங்க.

ஏப்ரல் 23

மேல சொன்னதை வாபஸ் வாங்கறேன். அந்த மாம்பழம் இலைக்கு அடியில போயிடுச்சு, மத்த மூணும் அதே மாதிரி இருந்ததால எது நிஜம்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. எறும்பு வரிசையைப் பார்த்துதான் தெரிஞ்சது. அடிப்பக்கம் அழுகி நுரை செங்கல்ல சாறு இறங்கி, பத்து காகிதப்பூ போச்சு. நிஜப் பழம் வைக்கறதா இருந்தா பக்கத்துல தனிக் கிண்ணத்துல வைங்க, கண்ணுக்குத் தெரியற மாதிரி.

ஏப்ரல் 27

சின்னப் பசங்க இருக்கற வீட்டுக்காரங்க இதைக் கண்டிப்பா படிங்க. நாத்தனார் லீவுக்கு வந்திருக்காங்க, பையனுக்கு ரெண்டு வயசு. முதல் வருஷம் வாங்கின பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து முறத்துல ஒரு ஓரமா இருந்துச்சு. அதுல ஒண்ணைப் பிடுங்கி வாயில போட்டுட்டான். நல்லவேளை அவங்க அம்மா பக்கத்துலயே இருந்ததால விரல் விட்டு எடுத்துட்டாங்க. என் கை நடுங்கினது நிக்கவே அரை மணி நேரம் ஆச்சு. திராட்சை, செர்ரி, நாவப்பழம் அளவுல இருக்கற எதுவும் சின்னக் குழந்தை இருக்கற வீட்ல வேண்டவே வேண்டாம், தொண்டையில அடைக்கற அளவு அது. அழகா இருக்கு, ஒட்டி வச்சுக்கலாம்னு சமாதானம் சொல்லிக்காதீங்க, ஒட்டினதும் வந்துடும். நுங்கையும் எடுத்து உள்ள வச்சுட்டேன். மாம்பழம் மட்டும் இருக்கு, அதை அவன் தினம் தூக்கிட்டுத் திரியறான்.

மே 5

அக்னி நட்சத்திரம் நேத்து ஆரம்பிச்சாச்சு. மேற்கு ஜன்னல் வெயில் மூணு மணிக்கு மேல டேபிள்ல விழுது. அந்தப் பக்கத்து காகிதப்பூ மட்டும் வெளுத்து பழைய கடிதம் மாதிரி ஆயிடுச்சு. முதல்ல வருத்தமா இருந்துச்சு, அப்புறம் எதிர் வீட்டு சுவரைப் பார்த்தேன், அங்கயும் செடில பழைய பூ அப்படித்தான் வெளுத்து ஒட்டிட்டு இருக்கு. வெளுத்ததையும் புதுசையும் கலந்து வச்சேன், முன்ன இருந்ததை விட நிஜமா தெரியுது. துணிப் பூ வெளுத்தா அப்படி இருக்காது, அழுக்காத்தான் தெரியும், அதை நாலு நாளைக்கு ஒரு தடவை திருப்பி வைங்க.

மே 18

தூசி எப்படித் தட்டறதுன்னு கேட்டவங்களுக்கு. துணிப் பூவை ஒரு பையில போட்டு ரெண்டு கை கல்லுப்பு போட்டு வாயைக் கட்டிக் குலுக்குங்க, தூசி உப்புல ஒட்டிக்கும். பிளாஸ்டிக் இலையும் பழமும் பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணில முக்கி எடுத்து நிழல்ல காய வைங்க, பெயிண்ட் பண்ண பழத்தை மட்டும் தேய்க்காம ஈரத்துணியால ஒத்துனா போதும். காகிதப்பூவுக்கு ரெண்டும் ஆகாது, புது மேக்கப் பிரஷ் ஒண்ணு வாங்கி வச்சு தட்டி விடறேன்.

மே 27

இந்த வருஷம் 24ஆம் தேதியே கேரளாவுல பருவமழை இறங்கிடுச்சு, பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து இங்க வந்தாச்சு. நேத்து சாயங்காலம் கதவைத் திறந்ததும் முறம் அப்படியே நகர்ந்து டேபிள் ஓரத்துக்குப் போயிடுச்சு. மணல் ரொப்பின பழம் மட்டும்தான் அசையல. நுரை செங்கலுக்கு அடியில கூழாங்கல் ஒரு கிலோ வச்சு துணி சுத்திக் கட்டிட்டேன். ஒரு கையால தூக்கற மாதிரி இருக்கணும்னு முதல் நாள் எழுதினேன்ல, இப்ப ரெண்டு கை வேணும். ஆடி முடியற வரைக்கும் இங்க காத்து விடாது, காத்துக்கு பயப்படாத ஊர்க்காரங்க கல்லு வைக்க வேண்டாம்.

ஜூன் 1

கேள்வி கேட்டவங்க செஞ்சது பத்தி எழுதியிருக்காங்க, பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். மூங்கில் தட்டு, குல்மோஹர், ஒரே ஒரு கிளிமூக்கு. அத்தை தானே ஒரு இலை மாலை கட்டித் தந்தாங்கன்னு படிச்சதும் அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். குல்மோஹர்ல அஞ்சு இதழ்ல ஒண்ணு மட்டும் வெள்ளையும் சிவப்பும் கலந்து வரும், உங்களது அஞ்சும் செவப்பா இருக்கு, ஒரு இதழை மட்டும் மாத்திப் பாருங்க.

ஜூன் 15

பள்ளிக்கூடம் திறந்தாச்சு, டேபிள்ல இப்ப நோட்டும் டிபன் பாக்ஸும். முறத்தைப் பிரிச்சு எடுத்து வச்சுட்டேன். காகிதப்பூ இருபத்தாறு மிஞ்சியிருக்கு, பழைய ஷூ டப்பாவுல ஒண்ணு மேல ஒண்ணு அழுந்தாம, நடுவுல நியூஸ் பேப்பர் கசக்கி. மாம்பழம் மூணுல ரெண்டுதான் டப்பாவுல இருக்கு. ஒண்ணை நாத்தனார் பையன் ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டான், ராத்திரி அதைப் பக்கத்துல வச்சுட்டுத்தான் தூங்கறானாம்.